பெரியக்காவுக்குப் போட்ட பந்தி

பாராட்டு விழா என்றால் சிவகாசிக்காரர்களுக்கு இரண்டு காரியம் கட்டாயம் நடந்தாக வேண்டும். நோட்டீஸ் அடிக்க வேண்டும், வெடி போட வேண்டும். யாரைப் பாராட்டுகிறோம், எதற்குப் பாராட்டுகிறோம் என்பதெல்லாம் பிறகு. அறுபதுகளின் தொடக்கத்தில், தீபாவளி லோடெல்லாம் போய்ச் சேர்ந்து கம்பெனிகள் ஓய்ந்திருந்த சமயத்தில், பெரியக்காவுக்கு விழா எடுப்பதென்று முடிவானபோதும் அப்படித்தான். கூடிப் பேசி முடிப்பதற்குள் நாலு கலரில் நோட்டீஸ் வந்துவிட்டது. விழாக்குழுத் தலைவர் என் அப்பா, பட்டாசுக் கம்பெனி முதலாளி. நான் படிப்பை முடித்துவிட்டு மாப்பிள்ளை அமைவதற்காக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். விழா வேலை என்று சொல்லி நாள் பூராவும் வெளியே சுற்றக் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெரியக்கா கிழக்குத் தெருக்காரர். அந்தத் தெரு ஆட்கள் ஊர்க் கிணற்றில் வாளி விடக் கூடாது என்றிருந்த காலத்தில் முதல் வாளியோடு போய் நின்றவர். அதற்கு அடி வாங்கினார். கோயிலுக்குள் போவதற்குப் போராடி ஜெயிலுக்குப் போனார். பிற்பாடு நகராட்சி உறுப்பினராகித் தெருவுக்குக் குழாயும் விளக்கும் பள்ளிக்கூடமும் கொண்டுவந்தார். வயதாகியும் எங்கேயும் நடைதான். அவரோடு சேர்ந்து நடக்க நான் ஓட வேண்டியிருக்கும்.

அப்பாவுக்கு அவர் மேல் நிஜமான மரியாதை உண்டு. கண்டால் எழுந்து நிற்பார், நாற்காலி போடச் சொல்வார். பெரியக்காவுக்கென்று எங்கள் வீட்டில் தனியாக ஒரு டம்ளர்கூட இருந்தது. அது கொல்லைப்புறத்தில் இருந்தது.

நோட்டீஸை நான்தான் கொண்டுபோய்ப் பெரியக்காவிடம் கொடுத்தேன். ஊர்வலம், பொன்னாடை, சமபந்தி விருந்து என்று வரிசையாகப் போட்டு, அடியில் கொட்டை எழுத்தில் விருதுநகர் சமையல்காரர் ஒருவரின் பெயரும் இருந்தது. அதுவரை சிரித்த முகமாக வாசித்தவர் அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டார்.

"சமபந்திக்கு நான் போகாத ஊரில்ல தாயி. எல்லாரும் பக்கத்துல உக்காருவாக, போட்டோ புடிப்பாக. சமைக்கிறது மட்டும் உங்க ஆளாத்தான் இருக்கும். எங்க பொம்பளைக சமைச்சு உங்க அப்பா சாப்பிடட்டும், நான் வாரேன். இல்லன்னா எனக்கு விழா வேண்டாம்னு சொல்லிரு."

சொன்னேன். அப்பா மதராசுக்குப் போனாலும் வீட்டுத் தண்ணீரைக் கூஜாவில் கொண்டுபோகிற மனுஷர். ஆனால் நோட்டீஸ் ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. ஒட்டிய பிறகு விழாவை நிறுத்துவது அவருக்கு மானம் போகிற காரியம். அன்று சாயங்காலமே வேறு நோட்டீஸ் அச்சானது. "சமையல்: கிழக்குத் தெருப் பெண்கள்." நான் அந்த ஈர மையை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வீடு வந்தேன்.

சமையலுக்குத் தலைமை எங்கள் கம்பெனியில் திரி கட்டுகிற கிழக்குத் தெரு அக்கா ஒருவர். தினமும் காலையில் முதலில் கட்டிய திரியை அப்பாவிடம் கொண்டுவந்து, "சரியா இருக்கா மொதலாளி, பாத்துச் சொல்லுங்க" என்று நீட்டுவார். அப்பா பற்றவைத்துப் பார்த்து ஏதாவது ஒரு குறை சொல்வார். குறை சொல்லாத நாளே கிடையாது. அதற்கப்புறம்தான் மற்ற வேலை.

விழா நாள் காலையில் அப்பா கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டே வயிற்றில் கை வைத்து, "காலையிலேருந்து ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிப் பழகுவதை என் காதால் கேட்டேன். சாப்பிடாமல் நழுவுவதற்கு ஒத்திகை. பந்தியில் தலைவர் கை வைக்காமல் யாரும் இலையைத் தொட மாட்டார்கள். அவர் எழுந்துவிட்டால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். பெரியக்கா இத்தனை வருஷம் பட்ட பாட்டுக்கு, அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவமானப்படுத்தியதாக ஆகும். எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

பந்தலில் ஆணும் பெண்ணுமாக எல்லாத் தெருக்காரர்களும் உட்கார்ந்தார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் பெரியக்கா, அவருக்கு அடுத்து நான். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் மைதானத்தில் சரவெடியை நீளமாகப் போட்டுவிட்டு, புகைகிற ஊதுபத்தியோடு எங்கள் போர்மேன் நின்றுகொண்டிருந்தார். தலைவர் கை உயர்ந்து முதல் கவளம் எடுத்ததும் வெடி என்று ஏற்பாடு.

அப்பா கையை உயர்த்தினார். கவளத்துக்கு இல்லை, "ஒரு நிமிசம்" என்று சொல்லி எழுந்திருக்க. போர்மேனுக்குக் கைதானே கணக்கு! வைத்தார் பாருங்கள் நெருப்பை!

எங்கள் கம்பெனி வெடி, ஒன்றுகூடப் பிசகாது. பந்தல் அதிர்ந்தது. வெடிச் சத்தம் கேட்டதும் வரிசை முழுக்கச் சாப்பிட ஆரம்பித்துவிட்டது. அப்பா வாயைத் திறந்து என்னவோ கத்துகிறார், ஒரு எழுத்து கேட்கவில்லை. வயிற்றைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். பசி என்று நினைத்துக்கொண்டு பரிமாறுகிறவர் இன்னும் இரண்டு கரண்டி சோற்றை வைத்துவிட்டுப் போனார். பெரியக்கா எதையும் பார்க்காதவர் மாதிரி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விக்கல் எடுத்துவிட்டது.

வெடி ஓய்ந்தது. காது கொய்யென்றது. அப்பா பாதி எழுந்த நிலையில் இருந்தார். அவர் இலை மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தார்கள், கைகள் நின்றன. எனக்கு விக்கலும் நின்றுபோனது.

அப்போது சாம்பார் வாளியோடு திரி கட்டும் அக்கா வந்து நின்றார். முகமெல்லாம் அடுப்புக் கரி. எப்போதும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"உப்பு சரியா இருக்கா மொதலாளி, பாத்துச் சொல்லுங்க."

அப்பாவின் கை தானாகக் கீழே போனது. பிசைந்தது. ஒரு வாய் போட்டார். கண்ணை மூடி மென்றார். விழுங்கினார். பந்தல் மொத்தமும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பத்தலை" என்றார்.

"நான் அப்பவே நெனச்சேன்" என்று அக்கா ஓடிப்போய் உப்பை எடுத்துவந்து இலை ஓரத்தில் வைத்தார். அப்பா சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்து, உப்பைத் தொட்டுக்கொண்டு அடுத்த வாய் எடுத்தார். பிறகு கத்தரிக்காய் வேகவில்லை என்றார். ரசத்தில் புளி தூக்கல் என்றார். சொல்லச் சொல்லச் சாப்பிட்டார். ஊரே சிரித்தது.

நான் வெட்கத்தில் நெளிந்தேன். வாழ்த்திப் பேச வேண்டிய தலைவர் பந்தியில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்! பெரியக்கா பக்கம் குனிந்து, "தப்பா எடுத்துக்கிடாதீக" என்றேன்.

பெரியக்கா இடது புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெயிலில்கூட அழாதவர் என்று சொல்வார்கள்.

"போடி கிறுக்கி. எங்க சோத்தத் தொடாமலே பிரமாதம்னு சொல்லிட்டுப் போனவுக எம்புட்டுப் பேரு தெரியுமா? குறை சொல்லணும்னா திங்கணும்லா."