வரி முடியும் முன்னே எடுத்த மூச்சு

கொட்டாஞ்சேனையில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் பல வருடங்களாக எனக்குப் பக்கத்தில் நின்று பாடும் பெண்மணியோடு எனக்கு ஒத்துவந்ததே இல்லை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். யாருக்குச் சுருதி தவறினாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். ஒரு ஞாயிறு பூசை முடிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டபோது சண்டைக்குத்தான் தயாரானேன்.

"நீங்க இப்ப வரி முடியிறதுக்கு முந்தியே மூச்சு எடுக்கிறீங்க. கொஞ்ச நாளா பாக்கிறன்."

"எழுபது தாண்டியாச்சு அக்கா. மூச்சு இளைக்கத்தானே செய்யும்."

"எனக்கும்தான் வயசு. டொக்டரிட்ட காட்டுங்க."

நான் காட்டவில்லை. மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகியதை வாயு என்று சொல்லிக்கொண்டேன். பிறகு ஒருநாள் கோயில் படியில் கண் இருண்டு சாய்ந்தேன். விழாமல் தாங்கியவர் அவர்தான். அப்படியே த்ரீவீலரில் ஏற்றி டொக்டரிடம் கொண்டுபோனார்.

டொக்டர் என் நெஞ்சிலும் கழுத்திலும் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். இருதயத்தில் ஒரு இரைச்சல் இருக்கிறது, எக்கோ ஸ்கேன் எடுக்கவேண்டும் என்றார். வெள்ளவத்தையிலிருந்து மகள் ஓடிவந்தாள்.

ஸ்கேனைப் பார்த்த இருதய நிபுணர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இருதயத்திலிருந்து உடம்பெங்கும் இரத்தம் போகும் வாசலில் உள்ள வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டதாம். அது சரியாகத் திறக்காததால் இருதயம் முக்கித் தள்ளுகிறது. இளைப்பு, நெஞ்சு இறுக்கம், மயக்கம் எல்லாம் அதனால்தான்.

"மருந்து குளிசையால சுகப்படுத்த ஏலாதா டொக்டர்?"

"ஏலாது அம்மா. வால்வை மாத்தத்தான் வேணும்."

நெஞ்சைத் திறப்பார்கள் என்று நடுங்கிப்போனேன். தொடை நாடிவழியாக மெல்லிய குழாயில் புது வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தும் முறையும் உண்டு, எல்லோருக்கும் அது சரிவராது என்றார். மேலும் ஸ்கேன்கள் எடுத்து, பல டொக்டர்மார் கூடிப் பேசி, எனக்கு அதுவே போதும் என்று முடிவெடுத்தார்கள்.

வால்வு பொருத்திய மறுநாளே வார்டில் நடக்கவிட்டார்கள். இளைப்பு இல்லை. நம்பமுடியாமல் திரும்பவும் நடந்தேன். பாடகர் குழு அக்கா பிளாஸ்கில் சூப்போடு வந்திருந்தார். புது வால்வில் கிருமி தொற்றலாம், பல்லுப் பிடுங்குவதென்றால் அதைப் பற்றிப் பல் டொக்டரிடம் முதலிலேயே சொல்லவேண்டும் என்று டொக்டர் எச்சரித்ததும், "நான் ஞாபகப்படுத்துறன் டொக்டர். இவ சொல்லுக் கேக்கிற ஆளில்ல" என்றார். மகள் சிரித்துவிட்டாள். நான் அழுதேன்.

இப்போது பரிசோதனைக்குப் போகும் நாட்களில் அவரும் கூட வருகிறார். வழியெல்லாம் வாக்குவாதம்தான். த்ரீவீலரிலிருந்து இறங்கும்போது கை நீட்டுவார். தேவையில்லாவிட்டாலும் பிடித்துக்கொள்வேன்.