அஷ்டமியில் கடலுக்குப் போனவர்

குணசேகரன் அவர்கள் காலமான செய்தி வந்தபோது நான் கிள்ளானில் என் அலுவலகத்தில் இருந்தேன். மறுநாள் துறைமுகத்துக்கு வரவேண்டிய கப்பலின் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். தேவா அழைத்தார். தேவா சுங்கை வேயில் இருப்பவர், லோரி ஓட்டுபவர், எங்கள் மீன்பிடிக் கூட்டத்து எட்டுப் பேரில் ஒருவர்.

"அண்ணே, குணா அண்ணே போயிட்டாருண்ணே. குளிச்சிட்டு வந்து நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

தாள்களை மூடி வைத்தேன். பிறகு, பாக் மானுக்குச் சொல்ல வேண்டுமே என்றேன். பாக் மான் பதினைந்து வருடங்களாக எங்களைக் கடலுக்கு அழைத்துப் போகும் மலாய்க்காரப் படகோட்டி. அவருக்கு அப்போதே சொல்லியாகிவிட்டது என்றார் தேவா. குணாவின் மனைவி புஷ்பாவே அழைத்துச் சொன்னாராம்.

அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. படகோட்டிக்குத் தெரிந்த பிறகா எனக்குத் தெரிய வேண்டும்? இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று எல்லோருக்கும் கொடுக்கும் சிறு நினைவு மலரில் போட ஒரு கட்டுரை வேண்டும், தமிழில் நன்றாக எழுதுகிறவர் நீங்கள்தான் என்று தேவா என்னிடம் கேட்டார். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். அதில் குணா பண்பாளர், நண்பர், நல்லவர் என்று வரிக்கு வரி இருந்தது. அத்தனையும் உண்மை. படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது முறை எழுதுவது.

குணாவை எங்கள் கூட்டத்துக்கு அழைத்து வந்தவன் நான். அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரிக்பீல்ட்ஸ்வாசி, லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை, என்னைவிட நான்கு வயது இளையவர், கொஞ்சம் தொப்பை, நிறையச் சிரிப்பு. எங்கள் அலுவலகக் கட்டடத்து லிஃப்டைச் சரிசெய்ய வந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அப்போது கடல் பயணத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. "வரீங்களா?" என்று கேட்டேன். தூண்டில் பிடித்ததே இல்லை என்றார். என் பழைய தூண்டில் கோலையே கொடுத்தேன். முள்ளில் இறாலை எப்படிக் கோர்ப்பது என்பதிலிருந்து எல்லாம் நான் காட்டிக் கொடுத்ததுதான். அந்த முதல் பயணத்திலேயே ஐந்து கிலோவில், எல்லோரும் ஏங்கும் ஜெனாஹாக் மீன் ஒன்றைப் பிடித்தார். நான் அன்று வரைக்கும் ஜெனாஹாக் பிடித்ததில்லை. படகில் எல்லோரும் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தை எடுத்தவன் நான் என்பதால் எந்தப் படத்திலும் நான் இல்லை.

அதுவரை பயணத்தை ஏற்பாடு செய்தது நான். ஓர் ஆண்டுக்குள் அது அவர் கைக்குப் போயிற்று. யாரும் முடிவெடுத்து மாற்றவில்லை, அவரும் கேட்டு வாங்கவில்லை. ஒருநாள் நான் பாக் மானை அழைத்தபோது, குணா ஏற்கெனவே பேசிவிட்டார் என்று சொன்னார். அவ்வளவுதான். கிள்ளானில் என் வீட்டருகே கூடிப் பேசிக்கொண்டிருந்த கூட்டம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு இடம்பெயர்ந்தது. நான் கொம்யூட்டர் ரயிலேறி நானே தொடங்கிய கூட்டத்துக்கு விருந்தாளி மாதிரிப் போய்ச் சேருவேன்.

நாள் குறிப்பதுதான் இதில் பெரிய வேலை. எங்கள் பக்கத்துக் கடலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் தாறுமாறாக இருக்கும். தூண்டிலின் ஈயக்குண்டு அடியில் நிற்காது. பாதி நிலா நாட்களில் தண்ணீர் அடங்கியிருக்கும். மலாய்க்காரர்கள் அதைச் செத்த தண்ணீர் என்பார்கள். மற்றக் கூட்டத்தார் கைப்பேசியில் கடல் அட்டவணை பார்ப்பார்கள். குணா சாப்பாட்டுக் கடைச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியைக் கழற்றி மேசையில் போடுவார். எந்த அஷ்டமி, எந்த நவமி சனி ஞாயிற்றில் விழுகிறது என்று தாளைப் புரட்டுவார். வளர்பிறையோ தேய்பிறையோ, அஷ்டமி என்றால் பாதி நிலா. அதற்கடுத்த இரண்டு நாளும் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். அது ஒரு நாளும் தப்பியதில்லை.

சிக்கல் என்னவென்றால், எங்கள் வீடுகளில் அஷ்டமி, நவமியில் யாரும் வாசலைத் தாண்டி நல்ல காரியத்துக்குப் போவதில்லை. அதிலும் கடலுக்கா? என் மனைவி ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். நான் இரண்டு நாள் விளக்கிச் சொல்லியும் கேட்கவில்லை. குணா மற்ற ஏழு வீட்டுக்கும் அவரே அழைத்துப் பேசினார். என் மனைவியிடம் அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் அவள் அதை ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். "அண்ணி, நாங்க என்ன கல்யாணமா பண்ணப் போறோம்? அன்னிக்குக் கெட்ட நேரம் மீனுக்குத்தான்." அவள் சிரித்த சிரிப்பு சமையலறை வரைக்கும் கேட்டது. போய் வாருங்கள் என்று ஐஸ் பெட்டியை அவளே கழுவி வைத்தாள். நான் சொல்லி அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாயிற்று. அன்றைக்குக் கடலில் எனக்கு நல்ல மீன் கிடைத்தது, ஆனாலும் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் நான் வயிறெரிந்தேன். படகில் யார் எங்கே உட்காருவது என்று சீட்டுக் குலுக்கும்போது அவர் கடைசியில்தான் எடுப்பார். மிஞ்சியது பெரும்பாலும் எஞ்சின் புகையடிக்கும் இடம். அங்கிருந்தும் மீன் பிடிப்பார். உயிர் இறால் விற்கும் சீனக் கிழவி எனக்குக் கொடுக்கும் பையில் பாதி செத்திருக்கும், அவர் பையில் அத்தனையும் துள்ளும். வருகிற வழியில் பாக் மான் அவரோடு ஒரே தட்டில் சாப்பிடுவார். நான் கப்பலுக்கு நாள் குறிக்கும் அலுவலகத்தில் முப்பது வருடம் தாள்களைப் பார்க்கும் கிராணியாக இருக்கிறேன். ஒரு படகுக்கு நாள் குறிக்க ஒரு லிஃப்ட்காரரை நம்புகிறார்களே என்று என் மனைவியிடம் புலம்பியிருக்கிறேன். அவள், "நீங்களும் ஒரு தடவை செஞ்சு பாருங்களேன்" என்றாள்.

செய்தேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு, புத்தர் பிறந்தநாளான வெசாக் விடுமுறையை ஒட்டி நீண்ட வார இறுதி வந்தது. குணா வேலையாக ஜொகூர் போயிருந்தார். அவர் வராத ஒரு புதன்கிழமை, கடையில் கூடியபோது நான் எழுந்து, இந்த முறை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எட்டுப் பேருக்கும் விடுமுறை, எல்லோரும் வரலாம். வெசாக் என்றால் பௌர்ணமி என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் இத்தனை வருடமாகத் துறைமுகத் தண்ணீரையே பார்த்து வேலை செய்கிறவனுக்கு, இந்த அஷ்டமிக் கணக்கெல்லாம் குணா போடும் வேடிக்கையாகத் தெரிந்தது. எங்கள் தொழிலில் தண்ணீர் நன்றாக ஏறும் நாள்தான் நல்ல நாள். அடி தட்டாமல் பெரிய கப்பல் உள்ளே வரும். தண்ணீர் ஓடினால் மீனும் ஓடி வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாக் மான் தொலைபேசியில் தயங்கினார். குணாவைக் கேட்டீர்களா என்றார். அந்தக் கேள்வியே போதுமாயிருந்தது எனக்கு. அதே நாளில்தான் போகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

ஜொகூரிலிருந்து திரும்பிய குணா பௌர்ணமியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நாள் எனக்கும் வசதிதான், வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பயணத்தை எங்கள் எட்டுப் பேரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நங்கூரம் பிடிக்கவில்லை, படகு இழுபட்டுக்கொண்டே போயிற்று. ஈயத்தை இரட்டிப்பாகக் கட்டியும் தூண்டில் கயிறு படுக்கை வாட்டில் ஓடியது. எட்டுக் கயிறும் ஒன்றோடொன்று சிக்கி, அவிழ்ப்பதிலேயே காலைப் பொழுது போய்விட்டது. தேவா வாந்தியெடுத்து ஓரமாகப் படுத்துவிட்டார். மூன்று கெளுத்தியோடு மத்தியானமே கரைக்குத் திரும்பினோம்.

கரையில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தபோது தேவாவுக்குக் கோபம். பௌர்ணமி என்று தெரிந்தும் யார் இந்த நாளைக் குறித்தது என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குணா அப்போது காரில் ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"குணாகிட்ட கேட்டுட்டுத்தான் வெச்சேன்" என்றேன்.

அது பொய். நான் அவரிடம் கேட்கவே இல்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்ததும் தேவா அவரிடமே கேட்டுவிட்டார். குணா என்னைப் பார்த்தார்.  

"ஆமா லா, நான்தான் போகலாம்னேன். கணக்கு தப்பிருச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து தேநீர் கேட்டார்.

அடுத்த நிமிடம் மேசை முழுக்கச் சிரிப்பு. குணாவுக்கே கணக்குத் தப்பிவிட்டதாம். ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார், கோபமெல்லாம் காற்றில் போயிற்று. நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். எனக்கோ முன்னைவிட அதிகமாக எரிந்தது. தப்புக்கூட இந்த மனிதருக்கு அழகாகப் பொருந்துகிறதே, இதையே நான் ஒப்புக்கொண்டிருந்தால் பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டியிருப்பார்களே என்றுதான் நினைத்தேன். காப்பாற்றியவரை மன்னிக்க முடியாமல் இரண்டு வருடம் அவரோடு படகில் போய் வந்தேன்.

அவர் அந்தப் பேச்சை ஒருநாளும் எடுக்கவில்லை. அதற்கடுத்த பயணத்துக்கு முன்னால் ஒரு முறை அழைத்தார். "அண்ணே, இந்தத் தடவ பாக் மான்கிட்ட நீங்க பேசுறீங்களா? நாளும் நீங்களே பாருங்களேன்" என்றார். என்னைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதே பதில்தான்.

அவருடைய இறுதிச் சடங்குக்கு வந்த கூட்டத்தில் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் கீழே நிற்க இடமில்லை. அவர் லிஃப்ட் பார்த்த கட்டடங்களின் காவலாளிகள் சீருடையோடு வந்து நின்றார்கள். இறால் விற்கும் கிழவி பேரனைக் காரோட்ட வைத்து வந்தாள். பாக் மான் பூவேலை போட்ட பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு ஓரமாக நின்று கண்ணைத் துடைத்தார். எனக்கு இதில் பாதிப் பேராவது வருவார்களா என்று அங்கே நின்று யோசித்தேன். அந்த இடத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது. மூன்றாம் நாள் பாக் மானின் படகிலேயே அஸ்தியைக் கடலில் கரைத்தோம். அஷ்டமியுமில்லை, நவமியுமில்லை, தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. பூவெல்லாம் கண்ணிமைப்பதற்குள் போய்விட்டது.

முதல் கட்டுரையைக் கிழித்த பிறகு, போன சனிக்கிழமை புஷ்பாவைப் பார்க்கப் போனேன். வெசாக் பயணத்தில் நடந்ததை அப்படியே சொன்னேன். பொய் சொன்னவன் நான், பழியை ஏற்றவர் அவர், இதை மலரில் எழுதலாமா என்று கேட்டேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. நான் சொல்லி முடிக்கும் வரை புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தெரியும்ணே. அன்னிக்கு வந்ததுமே சொன்னாரு" என்றார்.

என்ன சொன்னார் என்று கேட்டேன். கேட்கும்போதே, என்மேல் பரிதாபப்பட்டிருப்பார் என்று மனதுக்குள் கோபம் தயாராக இருந்தது.

"கூட்டத்த சேர்த்தது அண்ணேதான், நான் பாட்டுக்கு எடுத்துக்கிட்டேன், அது அவருக்கு மனசுல இருக்குன்னு சொன்னாரு. எப்படித் திருப்பிக் கொடுக்கறதுன்னுதான் தெரியல, கேட்டா வாங்க மாட்றாருன்னாரு."

என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுத அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கிள்ளானுக்குப் போகும் ரயிலில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். பதினான்கு வருடம் யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்த சொல் அது. அவர் சொல்லியிருக்கிறார். கேட்டவர் புஷ்பா, நானில்லை. அந்தம்மா மீதும் எனக்கு ஒரு கணம் பொறாமை வந்தது.

அடுத்த பயணத்துக்கு நீங்களே நாள் பாருங்கள் என்று கூட்டத்தார் இப்போது என்னைக் கேட்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தேவா உட்பட மற்ற ஆறு பேரும் முதலில் இதைப் படிக்க வேண்டும். அன்று கடையில் நீங்கள் சிரித்தது தவறான ஆளைப் பார்த்து. இதைப் படித்த பிறகும் என்னையே கேட்பீர்களானால், பாக் மானை நான் அழைக்கிறேன்.

குணா, நீங்கள் என்னைப் பார்த்த நாளிலிருந்து அண்ணே என்றுதான் கூப்பிட்டீர்கள். நான் ஒரு நாளும் உங்களைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் உங்கள் மேல் பொறாமைப்பட்டிருக்க முடியாது, அதனால்தான். போய் வாருங்கள், தம்பி.