காஜா மட்டும்தான் பாக்கி

போன் அடித்தால் தையல்காரர் முதலில் வலது காலை நீட்டி, வெட்டாத துணிப்பையை மேஜைக்கடியில் தள்ளிவிட்டுத்தான் பேசுவார். மறுமுனையில் இருப்பவருக்குப் பை தெரியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அதைக் கண்முன்னே வைத்துக்கொண்டு, "தைச்சாச்சு சார், காஜா மட்டும்தான் பாக்கி" என்று சொல்ல நாக்குக் கூசும். பை மறைந்துவிட்டால் கூசாது. இருபது வருடம் இப்படித்தான் ஓடியது. இப்போது பொய் நின்றுவிட்டது. கால் இன்னும் பழக்கத்தை விடவில்லை.

காஜா என்பது பொத்தானுக்குத் துளை போட்டு ஓரம் அடிப்பது. சட்டையின் கடைசி வேலை, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். அதனால் அது மட்டும்தான் பாக்கி என்றால் கேட்பவர் மனம் குளிர்ந்துவிடும். இந்த ஒரே வாக்கியத்தை வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொன்னதில் தெருவில் அவருக்கே காஜா என்று பெயர் விழுந்துவிட்டது. புது வாடிக்கையாளர்கள் அதுதான் பெயர் என்று நினைத்து "காஜா சார்" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

மெஷின் தலையில் சின்னதாக ஒரு சிலுவை ஒட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் பெஞ்சு. பாட்டில் அவர் குரல் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அரை முழம் நீளும். சாட்சியாக வாழ வேண்டும், தன்னைப் பார்த்து நாலு பேர் ஆண்டவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. "என்னைப் பாத்து நாலு பேரு தெரிஞ்சுக்கிட்டது ரெடிமேடு கடைக்கு வழியத்தான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவரை மாற்றியது பக்கத்துக் கடைக் கடிகாரக்காரர். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். கடிகாரக்காரர் கோயில் பக்கம் போகிற ஆள் இல்லை. ஒருநாள் டீ குடிக்கும்போது தையல்காரர் மெதுவாக ஆரம்பித்தார்: "ஆண்டவர் வருகை ரொம்பப் பக்கத்துல இருக்குண்ணே."

கடிகாரக்காரர் கண்ணிலிருந்த லென்ஸைக்கூட எடுக்கவில்லை. "எவ்வளவு பக்கத்துல டெய்லரே? காஜா மட்டும்தான் பாக்கியா?"

அன்று தையல்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன்னைச் சொன்னால் பரவாயில்லை, தன்னால் ஆண்டவர் பேச்சும் துணிப்பையோடு சேர்ந்து மேஜைக்கடியில் போய்விட்டதே என்று மனைவியிடம் புலம்பினார். மறுநாளிலிருந்து எல்லாம் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. "இன்னும் துணியே எடுக்கலை சார்" என்றார். இரண்டு பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை என்று உண்மையாகச் சொன்னால், வழக்கம்போல மூன்று நாள் கூட்டி வெள்ளிக்கிழமை வந்தார்கள். உண்மை தலைக்கேறி, அளவு கொடுக்க வந்த ஒருவரிடம் தொப்பை போன வருடத்தைவிட இரண்டு அங்குலம் கூடிவிட்டது என்று கேட்காமலே அறிவித்தார். ஓரமாகப் பொத்தான் கட்டிக்கொண்டிருந்த மனைவி, "பொய்ய விடுங்கன்னுதான் சொன்னேன், வாய விடச் சொல்லலை" என்றார்.

போன மாதம் கடிகாரக்காரர் மகளுக்குக் கல்யாணம். வெல்வெட் கோட்டுதான் போடுவேன் என்று பிடிவாதமாகக் கரும்பச்சைத் துணி கொண்டுவந்து கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை கல்யாணம். புதன்கிழமை மத்தியானமே கோட்டு தைத்து முடிந்து, சொன்னால் யார் நம்புவார்கள், நிஜமாகவே காஜா மட்டும்தான் பாக்கி. பெருமையோடு தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்கு வந்தவர் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெல்வெட்டுக்கு மேல் கீழ் உண்டு; ஒருபக்கமாகத் தடவினால் வழுவழுக்கும், மாற்றித் தடவினால் சொரசொரக்கும். கோட்டின் வலது கையை அவர் தலைகீழாக வெட்டியிருந்தார். கடை விளக்கில் ஒன்றும் தெரியாது. வெயிலில் அந்தக் கை மட்டும் வேறு யாருடைய கோட்டிலிருந்தோ இரவல் வாங்கியது போல வெளிறித் தெரிந்தது.

கல்யாணம் மண்டபத்துக்குள்ளேதானே, வெயில் எங்கே வரப்போகிறது என்று மனதுக்குள் ஒரு வக்கீல் எழுந்து வாதாடினார். நல்ல வக்கீல், இருபது வருட அனுபவம். அந்த நேரம் பார்த்துத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "கோட்டு என்னாச்சு டெய்லரே?"

வாழ்நாளில் முதல் தடவையாக அந்தப் பழைய வாக்கியம் எழுத்துக்கு எழுத்து உண்மை. அதைப் பொய் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது. இன்றைக்குப் பார்த்து அவருக்கு அது வாயில் வரவில்லை. கோட்டோடு பக்கத்துக் கடைக்குப் போனார்.

"வலது கைய தலைகீழா வெட்டிட்டேண்ணே. என் தப்பு."

கடிகாரக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார், எடுத்துவிட்டும் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"இங்க தெரியாது. வெயில்ல நின்னா ஊருக்கே தெரியும்."

மீந்த துணி ஒரு கைக்குப் போதும், பிரித்து வேறு கை வைத்து நாளை சாயங்காலம் ஆறு மணிக்குத் தருகிறேன் என்றார். இந்த மனிதரிடம் இதுவரை எத்தனை நாளை சாயங்காலம் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. கடிகாரக்காரர் கோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

கடைக்குத் திரும்பி உட்கார்ந்தவருக்குத் தடுப்பு வழியே பேச்சுக் கேட்டது. கடிகாரக்காரர் வீட்டுக்குப் போன் போட்டிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ரெடிமேடு கோட்டுக்கும் சொல்லி வைத்திருந்தார்களாம். அது தையல்காரருக்கு அதுவரை தெரியாத சங்கதி.

"அது வேணாம்னு கடையில சொல்லிடு. இவரு நாளைக்கு ஆறு மணின்னு சொல்லிட்டாரு." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள் போல. "இல்லம்மா, வரும். தப்பா வெட்டினத அவரேதான் வந்து சொன்னாரு."

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கண்ணோடு வெட்டினால் இந்தக் கையும் தலைகீழாகிவிடும் என்று முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். மீந்த துணியை விரித்து, மேலிருந்து கீழே தடவிப் பார்த்து, பின்புறத்தில் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போட்டார். மறுபடி தடவினார், பக்கத்திலேயே இன்னொன்று போட்டார். துணி முழுக்க அம்புக்குறி ஆன பிறகுதான் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்.