சீமை அகத்தி பறிக்கப் போனேன்

காலை 5.30. சென்னையில் பேருந்து ஏறினேன். திருவண்ணாமலைக்கு சுமார் 190 கிலோமீட்டர். டிக்கெட் அறுபது ரூபாய். 2003, ஆவணி மாதம். நான் மருந்தியல் கல்லூரி விரிவுரையாளர். படர்தாமரைக்குச் சீமை அகத்தி இலை கேட்கும் என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். அதிலுள்ள எந்தப் பொருள் பூஞ்சையைக் கொல்கிறது என்று பார்ப்பதுதான் ஒரு வருடமாக என் ஆய்வு. நாட்டுமருந்துக் கடை இலையோடு மூன்று மாதம் மல்லுக்கட்டிய பிறகுதான் அது கீரையாகச் சமைக்கும் வெறும் அகத்தி என்று தெரிந்தது. இனி என் கையாலேயே பறிப்பதென்று கிளம்பிவிட்டேன்.

10.45. ஊருக்கு வெளியிலேயே பேருந்தை நிறுத்திவிட்டார்கள். பௌர்ணமி கிரிவலம்! கிளம்பும் முன் நாள்காட்டியை ஒரு தடவை பார்த்திருக்கலாம். நான் போகவேண்டிய அடி அண்ணாமலைக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

“எட்டு கிலோமீட்டருக்கா?”

“கூட்டம் ஜாஸ்தி மேடம். வேணாம்னா நடங்க. எல்லாரும் நடக்கத்தான வந்துருக்காங்க.”

கொடுத்தேன். அப்படியும் இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே இறக்கிவிட்டார்.

பகல் 1.00. எங்கள் கல்லூரி உதவியாளரின் தங்கை சாந்தி வீடு. “வேலியோரமா பொதரா கெடக்கு, சாக்கு எடுத்துட்டு வாங்க” என்று கடிதம் எழுதியிருந்தாள். இரண்டு சாக்கோடு போய் நின்றால், செடியில் மஞ்சள் பூங்கொத்துகளும் வெறுங்குச்சிகளும்தான்.

“இலை எங்கே?”

“நேத்துதாங்க பறிச்சேன்.”

“எனக்குன்னு சொன்னதை யாருக்குப் பறிச்சே?” என் குரல் உயர்ந்துவிட்டது.

அவள் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். இடுப்புச் சேலையைத் தளர்த்தினாள். பாவாடை நாடா கட்டுமிடம் முழுக்க வளையம் வளையமாகச் சிவந்து, சொறிந்து புண்ணாகியிருந்தது. ஆறு மாதமாம். இலையை எலுமிச்சைச் சாற்றில் அரைத்துப் பூசுகிறாள். நடுநடுவே மருந்துக் கடையில் கொடுத்த டியூப்.

“அது போட்டா ரெண்டு நாள் அடங்குது, அப்புறம் ஜாஸ்தியாயிடுது.”

டியூபை வாங்கிப் படித்தேன். ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையைப் பரவவிடும்.

“ஆஸ்பத்திரிக்கு ஏன் போகல?”

“ஆம்பள டாக்டருங்க. இத எப்படிக் காட்றது? நீங்க சொல்லுங்க, இந்த எலை கேக்குமா?”

“தெரியல சாந்தி.”

“ஒரு வருசமா அப்ப இன்னாதான் பாக்குறீங்க?”

கேலி இல்லை; நிஜமாகவே கேட்டாள். “நாளைக்கு நானே உன்னை லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்” என்றேன். அன்று அங்கேயே தங்கினேன்.

மறுநாள் காலை 9.00. டவுன் ஆஸ்பத்திரி. பெண் மருத்துவர் லீவு என்றது ஒரு ஜன்னல். மாடியில் என்றது இன்னொன்று. அவர் பக்கத்து அறையிலேயே இருந்தார். இரண்டு மணி நேரக் காத்திருப்பு, இரண்டு நிமிடப் பரிசோதனை. டியூபைத் தூக்கிப் போடச் சொன்னார். நான்கு வாரத்துக்கு மாத்திரை. துணிகளை நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். புருஷனையும் ஒருமுறை காட்டவேண்டும்.

11.40. பேருந்து நிலையம். வழியனுப்ப வந்த சாந்தி மருந்துச் சீட்டைப் பிரித்துப் பார்த்தாள்.

“நாலு வாரத்துல போயிடுமாம். உங்க எலைன்னா எத்தினி நாளுங்க?”

“அதைத்தான் இன்னும் பாக்கணும்.”

“சீக்கிரம் பாருங்க.”

பேருந்து நகர்ந்தது. எங்கள் ஆய்வகத்தில் இதே பூஞ்சையைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கிறோம். வெள்ளையாகப் பஞ்சுபோலப் படரும்; தேதி எழுதி அலமாரியில் வைப்போம். அதைப் பார்த்து நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவசரப்பட்டதும் இல்லை.