சிந்துவின் பதினோரு வீடியோக்கள்

ஜெயசுதா அரியலூர் கடைவீதியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்துப் பதினான்கு வருடம் ஆகிறது. ஜெராக்ஸ் எடுப்பாள், பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் ஆன்லைனில் மனு போடுவாள், தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவாள். கூட்டமில்லாத நேரத்தில் லாரிக்காரர்கள் வருவார்கள். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நாள் முழுக்க சுண்ணாம்புக்கல் நடை அடிப்பவர்களுக்கு வண்டியில் பாட்டு ஓடியாக வேண்டும். கேட்கிற பாட்டையெல்லாம் யூடியூபிலிருந்து இறக்கி, பென்டிரைவில் ஏற்றித் தருவாள்.

அதற்கென்று அவள் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. வீடியோவின் லிங்க்கை ஒட்டிவிட்டு, படமாக வேண்டுமா, வெறும் சத்தமாக வேண்டுமா என்று ஒரு தடவை சொன்னால் போதும். மாற்றிச் சொல்லும்வரை அடுத்து வருவதையெல்லாம் அதே மாதிரிதான் இறக்கும். லாரிக்காரர்களுக்காக அதை எப்போதும் சத்தத்திலேயே வைத்திருந்தாள்.

போன ஆடி மாதம் தா.பழூர் பக்கத்திலிருந்து அரியமுத்து என்ற விவசாயி வந்தார். அறுபது வயதிருக்கும். கூடவே அவர் மனைவி வேம்பு. வேம்புக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது.

"எம் பொண்ணு சிந்துவ பெரம்பலூர்ல கட்டிக் குடுத்திருந்தோம்மா. தை மாசம் காய்ச்சல்ல போயிருச்சு" என்றார் அரியமுத்து. "சமைக்கிறத படம் புடிச்சு போட்டுக்கிட்டு இருந்துச்சு. மாப்ளைக்கு வேற எடத்துல பேசி முடிச்சிருக்காங்க. மாசக் கடைசியில அதையெல்லாம் அழிச்சிருவேன்னு சொல்றாரு. அவரக் குத்தம் சொல்லக் கூடாது, முன்னாடியே சொல்லிட்டாரு. அதுக்குள்ள எடுத்துக் குடுத்துரும்மா."

மருமகன் மணிவண்ணன் லிங்க்குகளை ஜெயசுதாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி வைத்தார். மொத்தம் பதினொன்று. ஒன்றைத் திறந்து பார்த்தாள். அடுப்புக்கு முன்னால் ஒல்லியாக ஒரு பெண். வாயால் ஒரு வரி சொன்னாள். உடனே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அதையே கையால் சொன்னாள்.

"கையால சொல்றது அவங்கம்மாவுக்கு" என்றார் அரியமுத்து. "எங்க ஊர்ல டவர் சரியில்ல, வீடியோ கால் நிக்காது. கை பாதியில ஒறஞ்சு போயிரும். மெதுவா வந்தாலும் முழுசா வந்துரும்னுதான் இப்படிப் புடிச்சுப் போட்டுச்சு. ஊரு பாக்கணும்னு இல்ல, இவ பாக்கணும்னு."

வேம்பு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குக் கல்வி உதவித்தொகைக்குக் கடைசி நாள். வாசல் வரை பிள்ளைகள் நின்றார்கள். ஜெயசுதா பதினோரு லிங்க்கையும் வரிசையாக ஒட்டி, இறக்கச் சொல்லிவிட்டு, அடுத்த பிள்ளையின் விண்ணப்பத்துக்குப் போய்விட்டாள். கால் மணி நேரத்தில் எல்லாம் இறங்கிவிட்டிருந்தது. பதினோரு படம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அப்போது உறைக்கவில்லை. பென்டிரைவைக் கழற்றிக் கொடுத்தாள். வேம்பு அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆவணி பிறந்து ஒரு வாரம் கழித்து அரியமுத்து தனியாக வந்தார்.

"பேச்சு கேக்குதும்மா, படம் வர மாட்டேங்குது."

பென்டிரைவைச் சொருகியதுமே ஜெயசுதாவுக்குத் தெரிந்துவிட்டது. பதினொன்றும் வெறும் சத்தம். அவசரமாக மணிவண்ணன் அனுப்பிய லிங்க்கைத் திறந்தாள். அந்தப் பக்கமே இல்லை என்று வந்தது. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள்.

"உங்க டிவி பழசுங்களா, ஐயா? சில டிவியில இந்த பைல் எடுக்காதுங்க."

அரியமுத்துவின் முகம் தெளிந்தது. "அப்படியா? நான் ரிமோட்ட கண்டபடி அமுக்கிக் கெடுத்துட்டேனோன்னு பயந்துட்டேன். இவ வேற ரெண்டு நாளா சரியா சோறு திங்கல. வேற டிவியில போட்டுப் பாக்கறேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு மணிவண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அக்கவுண்டையே எடுத்துட்டேங்க. சிந்துவோட போன்ல இருந்ததையும் அழிச்சு என் தங்கச்சிக்குக் குடுத்தாச்சு" என்றார் அவர். "நீங்கதான் எடுத்துக் குடுத்துட்டீங்கன்னு மாமா சொன்னாரே. ஏன், எதும் பிரச்சனையா?"

"இல்லீங்க, சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டாள். ஒரே நாளில் இரண்டாவது பொய்.

அதன் பிறகு கடை வாசலில் யார் நிழல் விழுந்தாலும் அவரோ என்று நிமிர்ந்து பார்த்தாள். போய்ச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தாள். படம் வராதென்று இந்நேரம் அவரே விட்டிருப்பார் என்றும் நினைத்தாள். அப்படி நினைத்த நேரத்தில் மட்டும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

மூன்றாவது வாரம், பட்டா மாற்ற வந்த ஒரு அம்மாள் தா.பழூர் பக்கம் என்று சொன்னாள். ஜெயசுதாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அரியமுத்து அண்ணனா? அது பாவங்க. புது டிவி இருக்கற வூடா பாத்து அந்தப் பென்டிரைவத் தூக்கிக்கிட்டுப் போகுது. அந்தம்மாவும் பின்னாடியே போயி, ஒவ்வொரு டிவிக்கு முன்னாடியும் குந்திக்கிட்டுப் பாக்குது. எங்க வூட்டுக்கும் வந்தாங்க. தவணையில டிவி எடுக்கப் போறேன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு."

ஜெயசுதாவால் அதற்கு மேல் வேலை பார்க்க முடியவில்லை. தன் கம்ப்யூட்டரில் மிச்சமிருந்த அந்த பைல்களைத் திரும்பத் திரும்பக் குடைந்து பார்த்தாள். ஒவ்வொன்றிலும் அட்டைப்படமாக ஒரு சின்னப் படம் ஒட்டியிருந்தது. வீடியோவிலிருந்து எடுத்த ஒரே ஒரு காட்சி. பதினொன்றையும் போட்டோ தாளில் அச்செடுத்து, ஷட்டரை இறக்கிவிட்டு, தா.பழூர் பஸ் ஏறினாள். அப்போது மணி பதினொன்றுதான்.

அரியமுத்து வாசலில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஐயா, டிவி மேல தப்பில்லீங்க" என்றாள். "நான் படத்த எடுக்காம சத்தத்த மட்டும் எடுத்துட்டேன். நீங்க கடைக்கு வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பொய் சொல்லிட்டேன்."

"இன்னொரு தடவ எடுக்க முடியாதா?" என்று கேட்டார்.

"அழிச்சிட்டாருங்க. எங்கயும் இல்ல."

"எட்டு வூட்டுக்குப் போனேம்மா" என்றார். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் உள்ளே போய் வேம்புவை அழைத்து வந்து கையால் சொன்னார். சொல்ல நேரம் பிடித்தது. இடையில் இரண்டு முறை கை நின்றுவிட்டது. வேம்பு ஜெயசுதாவைப் பார்த்தாள். நீட்டிய படங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒரு படத்தில் சிந்துவின் கைகள் அசைவில் மங்கலாகிக் கிடந்தன. அதில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். தண்ணீர் குடிக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதது ஜெயசுதாவுக்குச் சரியென்றுதான் பட்டது.

பத்து நாள் கழித்து அரியமுத்து போனில் கூப்பிட்டார். "அந்தப் பேச்ச எழுத்தா அடிச்சுத் தர முடியுமாம்மா? எது எதுல என்ன சொல்லுதுன்னு வேம்பு கேக்குறா. எனக்குக் காதும் கொஞ்சம் மந்தம், அது வேகமா பேசுறது புடிபடல. எழுத்துன்னா கூட்டிப் படிச்சு, கையால சொல்லிருவேன்."

ஜெயசுதா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். புளிக்குழம்பு, கருவாட்டுத் தொக்கு, கம்பங்கூழ். சிந்து ஒரு வரி சொல்வாள். அடுத்து கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது, வளையல் சத்தம் மட்டும் கேட்கும். கையால் சொல்கிறாள் என்று ஜெயசுதா புரிந்துகொண்டாள். ஆனால் சில இடங்களில் வாயால் எதுவும் சொல்லாமலேயே வளையல் ஒலித்தது. கருவாட்டுத் தொக்கில் முக்கால் நிமிடம் அப்படி ஓடியது. நடுவில் சிந்து தனக்குத்தானே சிரிப்பது கேட்டது. அம்மாவுக்கு மட்டும் என்று அவள் சொன்னவை அங்கேதான் இருந்தன. அதைத்தான் ஜெயசுதா தொலைத்திருந்தாள். படம் போனது என்று இத்தனை நாள் நினைத்திருந்தவள், போனது என்னவென்று அப்போதுதான் அறிந்து, ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அழுதாள்.

தட்டச்சு செய்த தாள்களை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். பேச்சில்லாத இடங்களில் 'வளையல் சத்தம்' என்று அடித்து, கீழே இடம் விட்டிருந்தாள்.

"இங்கல்லாம் சிந்து கையால மட்டும் என்னமோ சொல்லியிருக்குங்க" என்றாள். "அம்மாவுக்கு ஞாபகம் இருந்தா, கேட்டுச் சொல்லுங்க. அதையும் அடிச்சுத் தரேன்."

அரியமுத்து தொக்குத் தாளைக் காட்டி வேம்புவிடம் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. கைகள் எழுந்து வேகமாக எதையோ சொல்லின. நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அரியமுத்துவும் சிரித்துவிட்டார். ஜெயசுதா பேனாவோடு காத்திருந்தாள். வேம்பு அவள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்து இல்லை என்று கையசைத்தாள்.

"அத எழுத வேண்டாங்குறாம்மா" என்றார் அவர். "அது அவங்க ரெண்டு பேருக்குள்ளயாம்."

"சரிங்க" என்று ஜெயசுதா பேனாவைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.