மெத்தைக்காரி வீட்டுப் பூனை இருமியபோது

மெத்தைக்காரி வீட்டு முன்னறையில் கால் வைத்தால் பஞ்சில்தான் வைக்க வேண்டும். பழைய மெத்தையைப் பிரிப்பாள், கட்டி தட்டிப்போன பஞ்சைக் குச்சியால் அடித்து உதிர்ப்பாள், புது உறையில் திணித்துக் கோணி ஊசியால் குத்தித் தைத்துக் கொடுப்பாள். அதுதான் பிழைப்பு. கல்யாணமான புதிதில் புருஷனும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து அடித்தார்கள். இப்போது அவள் மட்டும் அடிக்கிறாள். அவர் பின்னறைக் கட்டிலில், முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து கிடக்கிறார். படுத்தால் மூச்சு அடைக்கிறது, நடந்தால் மூச்சு வாங்குகிறது. படுக்கவும் இல்லாமல் நடக்கவும் இல்லாமல் நடுவாந்தரமாக ஒரு வாழ்க்கை.

வேலையை விட்ட கையோடு மனுஷர் பேச்சையும் விட்டுவிட்டார். சோறு போடட்டுமா என்றால் தலை ஆடும். நெஞ்சு வலிக்கிறதா என்றால் கண் மூடும். அவ்வளவுதான். அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், வேண்டுமென்றே அவர் அம்மாவைக் குறை சொல்லியும் பார்த்தாள். சுவரோடு பேசினால் எதிரொலியாவது வரும், இவரிடம் அதுவும் இல்லை.

பூனை வந்த பிறகுதான் வாய் திறந்தார். மாடியில் குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது விட்டுவிட்டுப் போன பூனை அது. சாம்பல் நிறம், தரையைத் துடைக்கிற மாதிரி நீள முடி. வந்த அன்றே வீடு முழுக்கச் சுற்றி, மூலை மூலையாக மோந்து பார்த்துவிட்டு, எதுவும் சரியில்லை என்பதுபோல கட்டில் விளிம்பில் ஏறி உட்கார்ந்தது.

"மேனேஜர் வந்துட்டாருடி. எழுந்து நில்லு" என்றார் அவர்.

அவளுக்குக் கையில் இருந்த ஊசி நழுவிவிட்டது. அன்றிலிருந்து பூனைக்குப் பெயர் மேனேஜர். அது பெண் பூனை என்பது பிறகு தெரிந்தது. தெரிந்து என்ன, பெயரை யாரும் மாற்றவில்லை.

அவர் சகலத்தையும் பூனையிடம் பேசினார். கனவில் கண்டது, கால் மரத்துப்போனது, பின் ஜன்னல் வழியே தெரிகிற எதிர்வீட்டுக்காரன் சைக்கிளைத் துடைக்கிற அழகு, எல்லாம். மனைவிக்குச் சொல்ல வேண்டியதும் பூனை வழியாகத்தான் வரும்.

"மேனேஜர், குழம்புல உப்பு தூக்கல்னு அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க."

"மேனேஜர், அவருக்கு நாக்கு நீளமாயிடுச்சுன்னு அவர்கிட்டயே சொல்லுங்க" என்று முன்னறையிலிருந்து அவள் குரல் கொடுப்பாள். பஞ்சடிக்கிற சத்தத்துக்கு நடுவே அவர் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தால் பொழுது போவதே தெரியாது. பூனை போனால் இந்தப் பேச்சும் போய்விடும் என்பது அவளுக்குச் சொல்லாமலே தெரியும்.

அதனால்தான் நெஞ்சு டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவள் சீட்டைத் தேடுவதுபோல பைக்குள் குனிந்துகொண்டாள். "வீட்ல முடி கொட்டுற பிராணி ஏதாவது வளர்க்கறீங்களா?"

கூட வந்திருந்த நாத்தனார் முந்திக்கொண்டாள். "இருக்கு டாக்டர், ஆட்டுக்குட்டி உயரத்துக்கு ஒண்ணு."

"அனுப்பிடுங்க. பஞ்சு வேலை இப்பவும் செய்யறீங்களா?"

"விட்டுட்டேன்" என்றார் அவர்.

வெளியே வந்ததும் நாத்தனார் ஆரம்பித்தாள். "என் தம்பி உசுரை விட உனக்குப் பூனை பெருசா?"

"அனுப்ப வேண்டியதில்ல அக்கா. ஒரு முடி காத்துல பறக்காம நான் பார்த்துக்கறேன்."

"ஒண்ணு என் கண்ணுல பட்டாலும் சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போயிடுவேன்."

"பட்டா சொல்லுங்க."

சொன்னதைச் செய்கிறவள் அவள். காலையும் மாலையும் கொல்லைப்புறப் படியில் பூனையை மடியில் போட்டுக்கொள்வாள். முதலில் அகலப் பல் சீப்பு, பிறகு பேன் சீப்பு. அக்குளிலும் தொடை இடுக்கிலும் சிக்குப் பிடித்திருக்கும். அங்கே கத்தரிக்கோல் கூடாது, தோல் காகிதம் மாதிரி, விரலால்தான் பிரிக்க வேண்டும். கடைசியில் ஈரக்கையால் ஒரு தடவு தடவினால் மிச்சமும் சுருண்டு வரும். வீட்டுக்குள் துடைப்பத்துக்கு வேலையே இல்லை. பெருக்கினால் முடி எழுந்து பறக்கும், ஈரத்துணிதான். கட்டில் விரிப்பை ரப்பர் கையுறை நனைத்துத் தேய்த்தால் கயிறு கயிறாகத் திரண்டு வரும். வெயில் ஏறுகிற பருவத்தில் பிரித்துப் போட்ட மெத்தை மாதிரி உதிரும். அப்போது இன்னொரு வேளையும் சீவுவாள்.

சீப்புக்குத் தப்பியது பூனை வயிற்றுக்குப் போகும். அரம் மாதிரி நாக்கு அதற்கு, நக்க நக்க விழுங்கும். முடியுருண்டை என்று சொல்கிறார்களே தவிர, கக்கினால் விழுவது முறுக்கின திரி மாதிரி இருக்கும். வயிறு துருத்தி போல உள்ளே போய் வெளியே வரும், பூனை இரண்டு அடி பின்னால் நகரும், அவள் பழைய காகிதத்தை நீட்டுவாள், வந்து விழும். பூசணிக்காயை வேகவைத்து மசித்துச் சாப்பாட்டில் கலந்து கொடுப்பாள். அதற்குப் பிறகு கக்குவது குறைந்தது. நாத்தனார் வரும்போதெல்லாம் விரிப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஒன்றும் கிடைக்காமல் முகம் சுருங்கி உட்காருவாள்.

அந்தச் சமயத்தில் மாணவர் விடுதி ஒன்றிலிருந்து வண்டி நிறையப் பழைய மெத்தைகள் வந்து இறங்கின. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அடித்தாள். பூனை ஒருநாள் தரையோடு தரையாகப் பதுங்கி, கழுத்தை முன்னால் நீட்டி, முழங்கைகள் விரிய, கக் கக் என்றது. காகிதத்தோடு ஓடினாள். எதுவும் விழவில்லை. பூனை எச்சில் விழுங்கிக்கொண்டு எழுந்து போனது. மறுநாளும் அப்படியே.

"முடி சிக்கியிருக்கு. வர மாட்டேங்குது" என்றாள்.

"மேனேஜர், இது முடி இல்லன்னு அவகிட்ட சொல்லுங்க" என்றார் அவர்.

"அப்புறம் என்னவாம்?"

"மூச்சு."

"உங்களுக்கு எல்லாமே மூச்சுதான்."

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. அவர் அன்று முழுக்கப் பூனையிடமும் பேசவில்லை.

அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆயுசு பூராவும் பஞ்சைத் திணித்தும் உருவியும் பழகிய கை அது. அடைத்துக்கொண்டது எதுவானாலும் இழுத்தால் வரும், தள்ளினால் போகும் என்பது அந்தக் கையின் கணக்கு. தோல் சிவக்கிற அளவுக்குச் சீவினாள். இருமல் கூடியது. மறுநாள் நாத்தனார் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். இந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தால் சாக்கோடு வந்துவிடுவாள். அன்று மத்தியானமே பூனையை மெத்தை உறையில் கழுத்துவரை சுற்றினாள். தாடையைத் திறந்து கரண்டி எண்ணெயை ஊற்றினாள். எண்ணெய் வழுக்கினால் முடி நகரும் என்று நினைத்தாள். பூனை அப்போதுதான் இருமலுக்கு மூச்சை இழுத்தது. உடம்பு விறைத்தது. மூக்கு வழியாக எண்ணெய் வந்தது. உதறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடியது.

"என்ன பண்ணின?" என்றார் அவர்.

"மருந்து."

மறுநாள் காலை பூனை சாப்பிடவில்லை. விலா இரண்டும் அடித்துக்கொள்ள, வாயைத் திறந்து மூச்சு விட்டது. பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டு அவள் பார்த்ததே இல்லை. கூடையில் போட்டுக்கொண்டு மிருக டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டரம்மா குழாயை வைத்துக் கேட்டாள், படம் எடுத்துப் பார்த்தாள். "இருமும்போது ஏதாவது வெளியே வந்துச்சா?"

"இல்லம்மா. முடி சிக்கிக்கிட்டு..."

"முடின்னா வாந்தி வரும்மா, வயிறு குலுங்கும். ஒண்ணும் வராம கழுத்தை நீட்டி இருமினா அது மூச்சுக்குழாய் இறுக்கம். மனுஷங்களுக்கு வர்ற மாதிரிதான், தூசி ஒத்துக்காது." பூனையின் கழுத்திலிருந்து எதையோ விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சாம்பல் முடிக்கு நடுவே வெள்ளையாக ஒரு இழை. "இது என்ன?"

"பஞ்சு. நான் மெத்தை தைக்கிறவ."

"எண்ணெய் ஏதாவது குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"அதுவா நக்கிச்சா, நீங்க ஊத்தினீங்களா?"

அவள் முந்தானையைப் பார்த்தாள். அதிலும் பஞ்சு. "ஊத்தினேன்" என்றாள்.

டாக்டரம்மா குழாயைக் கழற்றிக் கீழே வைத்தாள். நுரையீரலுக்குள் எண்ணெய் போய்விட்டால் எடுக்க வழியில்லை என்று மட்டும் சொன்னாள். பூனையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஆக்ஸிஜன் விட்டாள், ஊசி போட்டாள். மெத்தைக்காரி பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

வெறும் கூடையைக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தாள். அவளே சொன்னாள். "போயிடுச்சு. நான் ஊத்தின எண்ணெய்."

அவர் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு வந்தது பஞ்சாலயாம். அப்போ உங்களுக்கும் அதானே? நான் இங்க அடிச்சுக்கிட்டே இருந்தது?"

அவர் கூடையிலிருந்து கண்ணை எடுத்தார். "தெரியும்."

"டாக்டர் கேட்டப்போ விட்டுட்டேன்னு சொன்னீங்க."

"நான் விட்டுட்டேன்தானே. பொய் ஒண்ணும் சொல்லலியே." இருமி முடித்தார். "சொன்னா என்ன பண்ணியிருப்ப? அதுல தானே சோறு."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாத்தனார் வந்தாள், பூனை இல்லாத கட்டிலைப் பார்த்தாள். "இனிமே தம்பிக்குத் தேவலையாயிடும் பாரு" என்றாள். வீட்டில் ஒரு முடி இல்லை. அவர் இருமல் இருந்த இடத்தில் இருந்தது, போகப் போகக் கூடியது. பேச்சுதான் மொத்தமாக நின்றுபோனது. தலையாட்டுவதுகூட இல்லை.

மெத்தைக்காரி முன்னறையைக் காலி செய்தாள். சுவர், தரை, உத்தரம் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தாள். பஞ்சு மூட்டைகளைப் பின்பக்கச் சந்துக்கு இழுத்துப் போட்டு, அங்கே வெயிலில் உட்கார்ந்து அடித்தாள். பாதிப் பஞ்சைக் காற்று கொண்டுபோனது. எதிர்வீட்டுக்காரன், "எங்க வீட்டுச் சோத்துல எல்லாம் பஞ்சும்மா" என்று சத்தம் போட்டான். "என்னை வேற எங்க போகச் சொல்ற?" என்றாள். பின்னறை ஜன்னலும் அந்தச் சந்துப் பக்கம்தான் இருந்தது. அதை இறுக மூடி, இடுக்கில் ஈரச் சாக்கைச் செருகினாள். உள்ளிருந்து இருமல் மட்டும் கேட்கும். இருமல் கேட்டால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். கேட்காவிட்டால் குச்சியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பாள்.

ஒருநாள் ஜன்னல் அசைந்தது. சாக்கு கீழே விழுந்தது. அவர் கட்டிலிலிருந்து எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிற்கிற சிரமத்தில் தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின.

"மூடுங்க, தூசி வரும்" என்றாள்.

"மூடிட்டா யார்கிட்ட பேசறது?"

அவள் குச்சியைக் கீழே வைத்தாள். பறந்துகொண்டிருந்த பஞ்சின்மேல் ஒரு குவளை தண்ணீரைத் தெளித்தாள். அது அடங்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு முந்தானையை உதறாமல் இடுப்பில் செருகிக்கொண்டு, ஜன்னலுக்குக் கீழே வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.