பழமான சின்னாயி

சூரமங்கலம் ரயில்வே ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை பார்த்த சௌந்திரத்துக்குக் கோபம் லேசில் வராது. வந்தால் லேசில் போகாது. 1984-ல் ஒரு வியாழக்கிழமை அந்தக் கோபம் வந்தது. அன்றைக்குத்தான் அவளுடைய முதல் விஞ்ஞானக் கதை மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றில் அச்சாகியிருந்தது.

கதைக்காக அவள் எங்கேயும் தேடி அலையவில்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஆபீஸ் பெண்கள் சாக்பீஸால் கட்டம் போட்டு, உரசின புளியங்கொட்டைகளை உருட்டித் தாயம் ஆடுவார்கள். அந்த ஆட்டத்தை அப்படியே ஒரு கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய் வைத்தாள். உள்ளே மாட்டிக்கொண்ட மனிதர்கள்தான் காய்கள். சின்னாயி என்கிற பெண் ஏழு தடவை வெட்டுப்படுகிறாள். ஏழு தடவையும் தாயம் விழக் காத்திருந்து, முதல் கட்டத்திலிருந்து மறுபடி நடக்கிறாள். கடைசியில் வேண்டிய எண் விழுகிறது. தான் போட்ட விதியைத் தானே மீற முடியாமல் இயந்திரம் கதவைத் திறந்துவிடுகிறது. 'சின்னாயி பழமானாள்' என்று முடித்திருந்தாள். சுற்றி முடித்து வெளியேறும் காயைப் பழம் என்பார்கள். தாயம் ஆடிய யாருக்கும் அது தெரியும்.

பத்திரிகை ஆசிரியருக்குத் தெரியவில்லை. பெண் எப்படிப் பழமாவாள் என்று மண்டையைக் குடைந்துகொண்டார் போலிருக்கிறது. அந்த வரியைத் தூக்கிவிட்டு, 'திடுக்கிட்டு விழித்தாள் சின்னாயி. அத்தனையும் கனவு!' என்று போட்டுவிட்டார். ஆச்சரியக்குறி வேறு.

"கனவா இருந்தா என்னங்கக்கா? படிக்க நல்லாத்தான இருக்குது," என்றாள் பக்கத்து மேஜை ராஜம்மாள்.

"என்ன பேசற நீ? கனவுல மலை திடீர்னு கொளமாயிரும். ஏன்னு கேக்க முடியுமா? ஆட்டத்துல அப்பிடியா? ஒரு கட்டம் தள்ளி வெச்சா நீயே என்ற கையப் புடிக்கறயில்ல? விதி போட்டவனயும் விதி கட்டோணும். அவ ஏழு வெட்டு வாங்கி செயிச்சவ. முழிக்கறதுக்கு என்ன தெறம வேணும்? கோழி கூவுனா ஆரும் முழிச்சுக்குவாங்க!"

ராஜம்மாள் ஃபைலைத் திறந்துகொண்டாள்.

அநியாயம்தானே? ஒருத்தி பட்ட பாடெல்லாம் பொய் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டு, அதன் கீழே சௌந்திரத்தின் பெயரையே போட்டிருந்தார்கள். டிரங்க் கால் போட்டுக் கேட்டாள். "கனவோ விளையாட்டோ, ரெண்டும் நிஜமில்லதானே மேடம்?" என்று சொல்லி உதவி ஆசிரியர் போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் நேரே ஜங்ஷன் புத்தகக் கடைக்குப் போனாள். அந்த இதழ் பதினொரு பிரதி தொங்கியது. ஒவ்வொன்றாக உருவி, கடைசி வரியைப் பேனாவால் அடித்து, 'சின்னாயி பழமானாள்' என்று எழுத ஆரம்பித்தாள். நாலாவது பிரதியில் கடைக்காரர் வேலுசாமி பார்த்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, விக்கற பொஸ்தகத்துல இப்பிடிக் கிறுக்கறீங்களே!"

"கிறுக்குனது நானில்லீங்க," என்றாள் சௌந்திரம், ஐந்தாவதை உருவியபடி.